சாரம்மாள் ஏலத்தில் எடுத்த பாட்டு

பாக்கியசீலன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது வியாழக்கிழமை. சாரம்மாளிடம் கேட்கப் போனது சனிக்கிழமை. வரிசை மாறிவிட்டது என்பது சமாதானபுரத்தில் அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவர். குடுவை கழுவி, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் அது யாருக்கும் நினைவில்லை. டபுள் டெக்கர்ஸில் கிட்டார் வாசித்தவர் என்றால் தெரியும்.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. எண்பத்திரண்டில் நான்கு பேர் சேர்ந்தார்கள். எபி பாடினான், பாட்டுகளையும் அவனே எழுதினான். மணிராஜ் டிரம்ஸ், சிவகணேஷ் கீபோர்டு. சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை என்று இரண்டு விதிகள் வைத்திருந்தார்கள். விதிகள் இருந்ததால் வரும்படி இல்லை. எட்டு வருடத்தில் ஒரே ஒரு கேசட் போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள்.

எபி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் இறந்த பிறகு யாரோ அந்த கேசட்டை இணையத்தில் ஏற்றினார்கள். இளம் பிள்ளைகள் கேட்டார்கள், பகிர்ந்தார்கள். வண்ணார்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மணிராஜுக்கு போன் வர ஆரம்பித்தது. எபி இடத்தில் பாட ஒரு பெண்ணைப் பிடித்தான். கல்லூரி விழா, ஜவுளிக்கடைத் திறப்பு, கல்யாண வரவேற்பு. பாக்கியசீலன் எல்லாவற்றுக்கும் போனார். கூச்சப்படவும் இல்லை. மனைவி பெர்சிஸின் முழங்கால் ஆபரேஷன் அந்தக் காசில்தான் நடந்தது. கிட்டார் பெட்டியை இன்னொருவர் வாங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது அறுபத்திரண்டு வயதில் அவருக்கு முதல் அனுபவம். பிடித்திருந்தது.

ஒரு பாட்டை மட்டும் எந்த மேடையிலும் அவர்கள் தொடவில்லை.

எண்பத்து நான்காம் வருடம் சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகை. சபையார் முதல் விளைச்சலைக் கோவிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். வாழைத்தார், சேவல், பூசணிக்காய், புது நெல். ஏலத்தில் எடுத்தவருக்கே பொருள் சொந்தம். கொடுத்தவர் பிறகு அதன்மேல் கை வைக்கக் கூடாது. இவர்கள் நான்கு பேருக்கும் நிலமும் இல்லை, கோழியும் இல்லை. எபி ஒரு பாட்டு எழுதினான். அடுத்தவன் வயல் வரப்பில் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கி, ஒரு கைப்பிடியோடு கோவிலுக்கு வருகிறவனின் பாட்டு. அதை வளாகத்தில் பாடிவிட்டு, இதையும் ஏலம் விடுங்கள் என்றான்.

ஏலம் விட்ட உபதேசியார் சிரித்துக்கொண்டே பாட்டை ஏலம் கூறினார். ஒருவரும் விலை கேட்கவில்லை. இரண்டாவது முறை கூறினார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து, மாணவியர் விடுதியில் சமையல் செய்யும் சாரம்மாள் கையைத் தூக்கினாள். பன்னிரண்டு ரூபாய். பாட்டு அவளுக்கு விழுந்தது.

“இனி எங்கிட்ட கேட்டுட்டுத்தாம்லே பாடணும்” என்று அவள் சொன்னதை எல்லோரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எபி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பாடுவதற்கு முன் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டான். இசைக்குழு கலைந்து, அவன் தனியாகப் பாடிய கூட்டங்களுக்கும் கேட்டான். சாகும்வரை கேட்டான்.

இப்போது சேரன்மகாதேவி போகிற வழியில் வீட்டுமனை போடுகிற ஒரு கம்பெனிக்கு அந்தப் பாட்டு வேண்டும். விளம்பரத்துக்கு வேண்டும், மனைத் திறப்பு விழா மேடையிலும் வேண்டும். வரப்பில் பொறுக்குகிற முதல் சரணம் வேண்டாமாம். ‘இந்த மண் போதும் எனக்கு’ என்று வரும் பல்லவி மட்டும் போதுமாம்.

வியாழக்கிழமை மணிராஜ் காகிதத்தை நீட்டினான்.

“எபி பொண்டாட்டி போட்டாச்சு. சிவகணேஷ் போட்டாச்சு. நீதாம்லே பாக்கி.”

“சாராக்காட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா?”

“பன்னெண்டு ரூவாய்க்கு எடுத்தா. வேணும்னா பன்னெண்டாயிரமா கொண்டு கொடு. ஏலே சீலா, எட்டு வருசம் ஒரு டீக்கு வாசிச்சோம். எங்க அம்மை கம்மலை வித்து டிரம்ஸ் வாங்குனேன். அன்னைக்கு நம்மள வாங்குததுக்கு ஆளு வரல, அதனால யோக்கியனா இருந்தோம். எபி பொண்டாட்டி வாடகை வீட்ல கெடக்கா. நீ வேண்டாம்னு அவகிட்ட போய்ச் சொல்லுதியா?”

பாக்கியசீலன் சொல்லத் தயாராக இல்லை. போட்டுவிட்டார். சாரம்மாளிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். எண்பத்திரண்டு வயதுக்காரி, சந்தோஷப்படத்தான் செய்வாள்.

சாரம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் மங்கியிருந்தது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தாள்.

“பாக்கியமா? கல்யாண வீடெல்லாம் கலக்குதியளாமே.”

“ஏதோ போவுது அக்கா.”

“போகட்டும், போகட்டும். இப்பமாவது காலாகாலத்துல சோறு கிடைக்குதே. என்ன இவ்வளவு தூரம்?”

அவர் சொன்னார். கம்பெனி, மேடை, விளம்பரம். எபியின் மனைவிக்கு வரும் பங்கை இரண்டு முறை சொன்னார். அவள் கீரைத்தண்டை ஒடித்தபடி கேட்டாள்.

“எங்கன மனை போடுதான்?”

“கன்னடியன் கால்வாயை ஒட்டி.”

“அங்கன வயலுல்லா?”

“வயலாத்தான் இருந்துச்சு.”

“அதுக்கா இந்தப் பாட்டு?”

அவள் கீரைத்தண்டைக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதால் அவருக்கு முதலில் புரியவில்லை.

“எபிட்ட எத்தனையோ தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கேன். கட்சிக்காரன் கேட்டான்னு ஒருக்க வந்தான். சாராயக்கடைக்காரன் மக கல்யாணம்னு ஒருக்க. வேண்டாம்ல, அது அங்கன பாடுத பாட்டு இல்லேன்னேன். சரிக்கா, சோறு இருக்கான்னு கேட்டுத் தின்னுட்டுப் போயிருவான்.”

பாக்கியசீலனுக்கு இது தெரியாது. எபி கேட்பான், அவள் சரி என்பாள், அது ஒரு சடங்கு என்றுதான் நாற்பது வருடமாக நினைத்திருந்தார். அவள் மறுத்திருக்கக்கூடும் என்று தோன்றியதே இல்லை.

“அவன் வீட்டுக்காரிக்கு வேற பாட்டைப் பாடி சம்பாதிச்சுக் குடுங்க. நான் தடுக்கல” என்றாள். பிறகு தலையை அவர் பக்கம் சாய்த்து, “நீ கையெழுத்துப் போட்டாச்சோ?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

“அப்புறம் எதுக்குலே வந்த?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் போயிட்டு வாரேன் என்று எழுந்தார். அவள் சரி என்று மறுபடி கீரையை எடுத்தாள்.

அன்று மாலையே மணிராஜிடம் போனார். கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். முடியாது. விளம்பரத்துக்குப் பழைய கேசட் பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். அதில் எபியின் குரலும் அவருடைய கிட்டாரும் ஏற்கெனவே இருந்தன.

“நான் மேடையில அதை வாசிக்க மாட்டேன்.”

“மத்த பாட்டெல்லாம்?”

“வாசிப்பேன்.”

“இதுல யாருக்குலே லாபம்? அவளுக்கா, எபிக்கா?”

“தெரியல.”

“தெரியாமத்தான் எப்பவும் எதையாவது செய்யுதே” என்று சொல்லிவிட்டு மணிராஜ் ஒயர்களைச் சுருட்டப் போனான்.

திறப்பு விழா அடுத்த சனிக்கிழமை மாலை. வயலைச் செம்மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, கற்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு தொப்பியும் சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்தார்கள். டபுள் டெக்கர்ஸ் ஐந்து பாட்டுகள் வாசித்தது. பாக்கியசீலன் நன்றாகவே வாசித்தார்.

ஆறாவதாக அந்தப் பாட்டை, எபி இடத்தில் பாடுகிற பெண் அறிவித்ததும் அவர் கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மேடையின் பின்படிகளில் இறங்கினார். ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றார். இரைச்சலில் பாட்டு கேட்காது என்று நினைத்திருந்தார். கேட்டது. அவர் வாசிக்க வேண்டிய இடத்தைச் சிவகணேஷ் கீபோர்டில் கிட்டார் ஒலியை வைத்து வாசித்தான். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

யாரும் மேடையில் அவரைத் தேடவில்லை. கம்பெனிக்காரர்களும் தேடவில்லை. பல்லவி இரண்டாம் முறை வந்தபோது கூட்டமே கை தட்டிக்கொண்டு கூடப் பாடியது. ஒரு இளம் தம்பதி தங்கள் மனைக் கல்லின் அருகே நின்று பாடியபடியே படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பாட்டு அவளுக்கு எழுதியது போலவே இருந்தது. பாக்கியசீலனுக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. மணிராஜ் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எக்கி, மேடையின் ஓரத்தில் அவரைத் தேடினான். இன்னும் நான்கு பாட்டுகள் இருந்தன.

அவர் படியேறினார். கிட்டாரை மாட்டி, ஒரு கம்பி இறங்கியிருந்ததைச் சரிசெய்தார். மணிராஜ் நான்கு எண்ணியதும் வாசிக்கத் தொடங்கினார்.