அக்கா அர்த்தம் கேட்ட பெயர்கள்

எங்கள் அக்கா அழகர்கோவில் சாலையை ஒட்டிய சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அத்தான் விபத்தில் காலமானபோது அக்காவுக்கு வயது இருபத்தொன்பது, மகனுக்கு நான்கு. கப்பலூரில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்து, அந்த ஒரே மகனைப் பொறியாளராக்கி நார்வேக்கு அனுப்பினார். உதவி என்று யார் வாசலிலும் நின்றதில்லை.

சென்ற ஆண்டு அவர் மருமகள் கருவுற்றார், அந்நாட்டுப் பெண். ஆண் குழந்தை என்று தெரிந்ததும் மகனும் மருமகளும் அந்த ஊர்ப் பெயர்களைத் தேடினர். ஒவ்வொன்றுக்கும் அக்கா போனில் அர்த்தம் கேட்பார். உல்ஃப் என்றால் ஓநாய். பியோர்ன் என்றால் கரடி. அர்னே என்றால் கழுகு.

"காட்டையே தொட்டில்ல போடப் பாக்குறான், தம்பி," என்று என்னிடம் சிரித்தார். சிரித்து முடிக்குமுன் மூச்சு வாங்கியது.

அந்த வாரமே காளவாசலில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இதயம் மிகவும் பலவீனம், நாள்கள் அதிகமில்லை என்றார். திரும்பும்போது ஆட்டோவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்ட்ட சொல்லிப்புடாத. பிள்ளத்தாச்சிய விட்டுட்டு ஓடியாந்துருவான்."

சரி என்றேன்.

மறுநாள் மகன் அழைத்தார். "அம்மா, லெய்ஃப்னு முடிவு பண்ணிட்டோம். இங்க உள்ள பழைய மொழியில வாரிசுன்னு அர்த்தம். ஒருத்தவுக விட்டுட்டுப் போன மிச்சம்னும் சொல்லுவாக."

"யாரு விட்டுட்டுப் போனது?" என்றார் அக்கா.

"அது அந்தக் காலத்து அர்த்தம்மா. ஒனக்குப் பிடிக்கலைன்னா மாத்திருவோம்."

"நல்ல பேருதான். வையி."

அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. "மாத்தச் சொல்லிருக்கலாம்லக்கா?" என்றேன்.

"ஏன்னு கேப்பான். என்னத்தச் சொல்ல?"

கால்வீக்கம் நாளுக்கு நாள் ஏறியது. மகன் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் முகம் கழுவி, கால் தெரியாதபடி உட்கார்ந்து பேசினார். நானும் பக்கத்திலிருந்து சிரித்தேன்.

பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோதே அக்கா போய்விட்டார்.

மகன் பறந்து வந்து கொள்ளி வைத்தார். பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"நீ பேரு சொன்னதுக்கு முந்தின நாளே தெரியும், மாப்ள."

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. நார்வே திரும்பினார், பிள்ளை நலமாகப் பிறந்தது. என்ன பெயர் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அக்காவை ஆட்டோவில் தூக்கி ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டுத் தம்பதிக்கும், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த தொழிற்சாலைத் தோழியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலரை அக்காவின் மகனுக்கும் அனுப்புகிறேன். மறைத்தவன் நான். அவருடைய கோபம் என்மீதே இருக்கட்டும். அவர் அம்மாவின்மீது வேண்டாம்.