இறக்கை சாயும் பக்கம்

கொள்ளிடம் மணலில் நின்றிருந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து ஒட்டிய என் தெர்மாகோல் விமானம் என்னை நோக்கித் திரும்பியதும் ஒரு இறக்கை சாய்ந்தது. எதிரே வருகிற விமானத்துக்கு நம் இடது அதன் வலது. ரிமோட்டைப் பிடித்த கை குழம்பிவிட்டது.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா சைக்கிள் பழகிய மாலை நினைவுக்கு வந்தது. அப்பா அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடி, "லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" என்று கத்தினார். அம்மா முருங்கை மரத்தில் மோதினாள்.

"உங்க லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா? சாயற பக்கம் திருப்புன்னு சொன்னா என்னவாம்?" என்றாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே. மறுநாள் அப்பா "சாயற பக்கம்!" என்று கத்தினார்; அம்மா விழவில்லை.

"சாயற பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லி, ரிமோட்டின் குச்சியைத் தாழ்ந்த இறக்கைப் பக்கம் தள்ளினேன். விமானம் நிமிர்ந்து, என் தலைக்கு மேலே போனது.