வலது காலின் பழக்கம்

என் கணவர் மூன்று வருஷம் ஒரு மோட்டார் சைக்கிளோடு குடும்பம் நடத்தினார். அதே வீட்டில் நானும் ஒருத்தி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் செய்த வண்டி. எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. இடம் அடைக்கிறது என்று மில்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார். நான்கு சாக்கு உதிரி பாகங்களும் ஒரு சட்டமுமாக டெம்போவில் கோவைக்கு வந்து இறங்கியபோது, வீடெல்லாம் தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை. போக ஒரு மாதம் ஆனது.

பம்ப் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர் இவர். ஆனால் இவரிடம் இருந்த ஸ்பேனர் ஒன்றுகூட அதன் நட்டுக்குச் சேரவில்லை. மில்லிமீட்டர் கணக்கும் இல்லை, நமக்குத் தெரிந்த இஞ்சுக் கணக்கும் இல்லை. “வெள்ளைக்காரன் வேணும்னே செஞ்சுபோட்டான் அம்மணி” என்று திட்டிக்கொண்டே, பழைய பட்டறைக்குப் போய் ஒவ்வொரு போல்ட்டாகத் தானே கடைந்து கொண்டுவந்தார். என் இட்லிச் சட்டியில் கிரீஸை உருக்கி செயினை வேக வைத்தார். அதற்கு நான் இரண்டு நாள் பேசவில்லை.

வண்டி கிளம்பிய காலையில் தெருவே வந்து நின்று பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வினை அதற்குப் பிறகுதான். அந்த வண்டிக்குப் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். இவர் முப்பத்தைந்து வருஷமாக நம்மூர் வண்டியில் வலது காலால் பிரேக் மிதித்தவர். நிறுத்த நினைத்து மிதித்தால் அடுத்த கியர் விழுந்து வண்டி முன்னால் போகும். முதல் நாள் எங்கள் கேட்டிலேயே இடித்தார், சிரித்தோம். இரண்டாம் நாள் தெருமுனையில், பால் வாங்கி வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் குறுக்கே வந்துவிட்டாள். இவர் மிதித்தார். வண்டி நிற்காமல் போனது. கடைசி நொடியில் ஒடித்துச் சுவரில் சாய்த்துவிட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் மட்டும் கொட்டியது.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். அன்று சாப்பிடவில்லை.

“கால் பேச்சுக் கேக்க மாட்டீங்குது அம்மணி. ஒரு உசுருக்கு ஒண்ணு ஆயிருந்தா? வித்துப்போடலாம்” என்றார். வண்டிக்கு உறை போட்டார். பெங்களூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. அந்த வாரம் முழுக்க மனிதர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் நான் கரித்துக்கொட்டிய வண்டிதான். போகட்டும் என்று என்னால் விட முடியவில்லை. இவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை காபியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏனுங்க, நான் ஓட்டட்டுங்களா?”

“நீயா? கியர் வண்டியே நீ தொட்டதில்லையே.”

“அதத்தானுங்க சொல்றேன். நான் ஓட்டற ஸ்கூட்டர்ல காலுக்கு வேலையே இல்லீங்க. எந்தக் கால்ல பிரேக்குன்னு என் காலுக்குத் தெரியாது. மறக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்களே.”

இவர் காபியை ஆற்றாமலே குடித்தார்.

மறுநாள் காலை, எங்கள் சர்ச் மைதானம். இவர் உதைத்துக் கிளப்பிக் கொடுத்தார், சுடிதாரில் நான் ஏறினேன். என் கைதான் தகராறு செய்தது. ஸ்கூட்டரில் இடது கையில் பிரேக், இதில் அங்கே கிளட்ச். பிடித்தால் வண்டி நிற்காது, ஆனால் சும்மா உருளும், பாயாது. அதற்குள் இடது கால் பிரேக்கை மிதித்துவிடும். முதல் நாள் மட்டும் நிறுத்தத் தெரியாமல் இரண்டு முறை வேப்பமரத்தைச் சுற்றினேன். போதகரின் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சனிக்கிழமை மாலை இவரே பெங்களூருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது.

மூன்று மாதம் கழித்து மில்காரருக்கு வண்டியைக் காட்டக் காங்கேயம் கிளம்பினோம். கல்யாணமான நாளிலிருந்து பின்னால் உட்கார்ந்தே பழகியவள் நான். இவருக்குப் பின்னால் உட்காரவே தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் சீட்டைப் பிடித்தார், பல்லடம் தாண்டியதும் என் தோளைப் பிடித்தார்.

காங்கேயத்துக்கு முன்னால் ஒரு காளை, கயிற்றை இழுத்துக்கொண்டு திடுமென ரோட்டுக்கு ஏறியது. மிதித்தேன். கொம்புக்கு நான்கு முழம் முன்னால் வண்டி நின்றது. காளை நின்று எங்களைப் பார்த்தது, பிறகு அதன் பாட்டுக்குப் போனது.

பின்னாலிருந்து இவர் கூப்பிட்டார்.

“அம்மணி.”

“சொல்லுங்க.”

“நான் வலது கால்லதான் மிதிச்சேன்.”

குனிந்து பார்த்தேன். கால் வைக்கும் கட்டையை இவர் பாதம் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

“நல்லா மிதிங்க. அங்க ஒண்ணுமில்லீங்க” என்றேன்.