கௌக்கோவின் பத்தொன்பது

பின்லாந்தின் ஔலு நகரத்தில் கௌக்கோ அளவுக்குத் தன் இதயத்தை அறிந்தவர் இன்னொருவர் கிடையாது; டாக்டர்களே அவர் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்டுப் போவார்கள். சரி, டாக்டர்கள் வந்தது என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நடந்ததுதான்.

முப்பத்தோரு வருடம் தெருப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டி அவர் ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். விடிந்ததும் அது ஓர் எண்ணைக் காட்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள நேரம் மயிரிழை கூடும், குறையும். அது எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அந்த எண். தாராளமாக மாறினால் உடம்பு நன்றாக இளைப்பாறியிருக்கிறது என்பார்கள். கௌக்கோவுக்குப் பத்தொன்பது. மனைவி இறந்து நாலு வருடமான வீட்டில் காலையில் அவரை விசாரிக்க அந்தக் கடிகாரத்தை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் அது சொன்னதையெல்லாம் நம்பினார்.

குடியிருப்பின் அடித்தளத்தில் பொதுச் சவுனா என்ற நீராவிக் குளியலறை. சனிக்கிழமை ஐந்து மணி ஆண்களின் முறை. மேல்பலகையில் வரிசையாக உட்கார்ந்து, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி, அதிகம் பேசாமல் வியர்ப்பதுதான் அங்கே சிநேகம். ஒரு சனிக்கிழமை மூன்றாம் மாடியில் இருக்கும் ஏத்து என்ற முப்பது வயதுக்காரன், பிடித்த மீனின் எடையைச் சொல்வதுபோலத் தன் கடிகாரம் காட்டிய எண்ணைச் சொன்னான்: தொண்ணூற்றிரண்டு. கௌக்கோவும் கூச்சத்தோடு தன்னுடையதைச் சொன்னார்.

"பத்தொன்பதா? அது உங்க நெஞ்சா, வெளியில அடிக்கிற மைனஸ் குளிரா?" என்றான் ஏத்து.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படியேறும்போதுதான் அந்த எண் உறுத்தியது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

சவுனாவுக்குப் போன மறுநாள் எண் பதினாறுக்கு இறங்கியிருந்தது. சவுனாவை நிறுத்தினார். எட்டுக் கோப்பைக் காப்பியை ஒன்றாக்கினார். பனிச்சறுக்கு மட்டைகளைப் பரணில் போட்டார். சனிக்கிழமைகளில் கீழ்க்கதவு திறந்து மூடுவதையும், ஈரச் செருப்புகள் படியேறுவதையும் கேட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காலை எண் இருபத்துநாலுக்கு ஏறியிருந்தது. கடிகாரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிஜம்தான். யாரிடம் சொல்வது என்று யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தார்.

நர்ஸ் மார்க்கெத்தா அவரை வரச்சொன்னாள். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல் உண்டா என்று விசாரித்தாள். எதுவுமில்லை என்றவர், ஏத்துவின் தொண்ணூற்றிரண்டைப் பற்றியும் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்து, இதய வரைபடம் எடுத்தார்கள். அதிலும் குறையில்லை.

"வயசானா இது குறையத்தான் செய்யும். ஆளுக்கு ஆள் வேற. அந்தப் பையனோடதை வச்சு உங்களை அளக்காதீங்க. உங்க எண்ணை உங்க பழைய எண்ணோட மட்டும் பாருங்க, அதையும் வாரக்கணக்குல."

"சவுனா போனா இறங்குதே?"

"ஒரு நாள் இறங்கினா இறங்கிட்டுப் போகுது. நீங்க ஒரு மனுஷரோட உக்காந்து பேசி எத்தனை நாளாச்சு?"



அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குத் துண்டோடு இறங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டு சுலெவி மட்டும் சற்று நகர்ந்து மேல்பலகையில் இடம் விட்டார். ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது கௌக்கோவுக்கு.

"ரெண்டு மூணு வாரமா வர முடியல."

சுலெவி ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். சீறல் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"பதினோரு வாரம்," என்றார்.