தெற்கே ஒரு வெளுத்த திட்டு

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மார்கழியில்தான் என் தொலைநோக்கி தயாரானது. தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லூரியில் கற்றுக்கொடுத்தபடி, ராஜபாளையத்தில் எங்கள் மொட்டைமாடியில் கண்ணாடி மேல் கண்ணாடியை வைத்து மாதக்கணக்கில் தேய்த்து, அதன் ஆடியை நானே செய்திருந்தேன். "ஏட்டி, பொட்டப்புள்ள செய்யிற வேலையா இது? அதுல ஒண்ணும் தெரியாமப் போவட்டும், பொறவு இருக்கு உனக்கு" என்று அம்மா தினமும் கரித்துக்கொட்டுவாள். நான் காதில் போட்டுக்கொண்டால்தானே!

அக்காதான் என் கட்சி. பத்திரிகையில் வந்த ஒரு படத்தை வெட்டி பீரோ கதவில் ஒட்டியிருந்தாள். பட்டைச் சுருள் விண்மீன் திரள். நடுவே நீளமாக ஒரு ஒளிப்பட்டை, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் வளைந்து போகும் இரண்டு கைகள். "இத ஒரு நாளாச்சும் எங்கண்ணால பாத்துரணும்ட்டி" என்பாள்.

அந்தக் கண்ணில்தான் ஏதோ கோளாறு. பொழுது சாய்ந்தால் நிறுத்தி வைத்த சைக்கிளில் போய் இடிப்பாள். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அம்மா கத்துவாள். மதுரைக்குப் போய்க் காட்டியே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அக்கா கேட்கவில்லை. "லேசா மங்கல்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாப்ள வீட்டுக்காரவிய காதுக்குப் போச்சுன்னா எல்லாம் நின்னுரும். கல்யாணம் முடியட்டும், பொறவு பாப்போம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைந்துவிடலாமா என்றிருந்தது.

ஒருநாள் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் ஊரெல்லாம் கரண்ட் போனது. தெற்கே, செட்டியார்பட்டிப் பக்கத்து வானத்தில் அந்தப் படத்து விண்மீன் திரளைத் தேடிப் பிடித்துவிட்டேன். பட்டையும் இல்லை, கையும் இல்லை. ஈரக்கையால் அழித்த சிலேட்டில் மிச்சமிருக்கும் வெள்ளை மாதிரி ஒரு திட்டு, அவ்வளவுதான். என் ஆடிக்கு அதற்குமேல் சக்தி கிடையாது. அதுவும் நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.

அக்காவின் தோளைப் பிடித்துக் குனியவைத்தேன். "ஓரக்கண்ணால பாருக்கா" என்றேன். ஓரப்பார்வைதான் அவளுக்கு முதலில் போயிருந்தது என்பதை மதுரையில் கண் டாக்டர் சொன்னபோது கல்யாணமும் நின்றுபோயிருந்தது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

வெகுநேரம் பார்த்தாள். அம்மா மாடிப்படியில் நின்று, "என்னட்டி, ஏதாச்சும் தெரியுதா?" என்றாள்.

"ஆத்தி, எம்புட்டு அழகா இருக்கு! நடுவுல பட்டை, ரெண்டு பக்கமும் கை, அப்படியே படத்துல இருக்காப்லயே" என்றாள் அக்கா.

"அம்புட்டுத் தொலைவுல கெடக்குறது தெரியுது. கண்ணுல கோளாறாம்ல, கோளாறு!" என்று என்னைப் பழித்துவிட்டு அம்மா நிம்மதியாக இறங்கிப் போனாள்.

"ஏன்க்கா பொய் சொன்ன? இதுல பட்டையும் தெரியாது, கையும் தெரியாது" என்றேன்.

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஒரே இருட்டாத்தான் இருந்துச்சு. ஆடி சரியா வரலபோலன்னு நெனச்சேன். எம்புட்டு நாளு தேய்ச்ச! அம்மா முன்னால உன்ன விட்டுக்குடுக்க மனசு வரலட்டி."

என்னை மீறி விசும்பிவிட்டேன். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஏட்டி," என்றாள், "அப்ப நெசமாவே அங்க ஒண்ணு தெரியுதா?"