புள்ளி ஓடுதுங்களா?

கலாமணி இறந்த செய்தி அவருடைய கைப்பேசி எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. அலுவலகத்துக்கு வரத் தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இன்னைக்கு என்ன சாக்குங்க? வண்டி பஞ்சரா, அவினாசி ரோட்டுல டிராபிக்கா?" என்று கிண்டலாகவே ஆரம்பித்தேன். மறுமுனையில் பேசியது அவருடைய கணவர் செல்வராஜ். திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செதுக்குகிறவர்.

"சார், கலா போயிருச்சுங்க. சேர்லதான் உக்காந்திருந்துது. கண்ணு தெறந்துதான் இருந்துதுங்க. நான் பாட்டுக்குக் காப்பி வேணுமான்னு கேட்டுட்டு, கல்லு லாரி இன்னும் வரலைன்னு சொல்லிட்டு, பேசிக்கிட்டே இருந்தனுங்க. பாத்துட்டுத்தான் இருக்குதுன்னு நெனச்சேன்."

மூளையில் ரத்தக்கசிவு என்று மருத்துவர் பிறகு சொன்னாராம். எனக்கு அந்த விவரம் எதுவும் மனதில் நிற்கவில்லை. கண் திறந்திருந்தது என்பது மட்டும் நின்றுவிட்டது. கலாமணி வாழ்நாள் முழுக்கப் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

பட்டறைக்காரர்களான உங்களில் பலருக்கு அவரைக் குரலாகத்தான் தெரியும். சாயப்பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் சிறிய அலுவலகத்தில் நான் ஆர்டர் பிடிப்பவன், அவர் எழுதுபவர்; எழுதியதை வாசித்துத் திருத்தும் அளவுக்கு எனக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் நீங்கள் கூப்பிடுவது அவரைத்தான். முதலாளியோ மேஸ்திரியோ, யாராக இருந்தாலும் திட்டு உண்டு. ஆனால் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "அறிவிருக்குதுங்களா?" என்று அவர் மரியாதையாகக் கேட்க, வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம் தொழிலில் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன், அடிக்கடி.

அவர் செய்த வேலையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆவணத்தைப் பல விண்டோக்களில் காட்டுவது. பட்டறையின் அன்றைய ஷீட் ஒன்றுதான். அதை மேஸ்திரி ஒரு விண்டோவில் பார்ப்பார், லேப்காரர் இன்னொன்றில், முதலாளி வேறொன்றில். ஒன்றில் மாற்றினால் மற்ற எல்லாவற்றிலும் அப்போதே மாறவேண்டும். இதற்காக அந்த ஆவணம், தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் விண்டோக்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். மாற்றம் வந்ததும் ஒவ்வொரு விண்டோவையும் கூப்பிட்டுச் சொல்லும். பட்டியலில் விட்டுப்போன விண்டோவுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும், பார்ப்பதற்கு மற்றவற்றைப் போலவே.

"மூடிக் கெடக்கற விண்டோவுக்கு நான் பயப்பட மாட்டனுங்க. தெறந்து வெச்சுக்கிட்டுத் தூங்குது பாருங்க, அதுதான் ஆளக் கொல்லும்" என்பார். விடிந்தும் விடியாததுமாக எழவு வீட்டுப் பேச்சு வேண்டாம் என்று நான் அடக்குவேன். அவர் அடங்குகிற ஆள் இல்லை.

ஒருமுறை ஒரு பட்டறைக்கு மென்பொருளைக் கொடுக்க வேண்டிய நாள். நல்ல நேரம் முடியப் போகிறது, முதலாளி பூ, பழத்தட்டோடு நிற்கிறார். இவரோ ஒரு விண்டோவில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, எழுந்து நடந்து, மற்ற ஒவ்வொரு திரையின் முன்னாலும் போய் நின்று, அந்த எழுத்து வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "மேசையிலிருந்தே பார்க்கலாமே, எதுக்கு இந்த ஊர்வலம்?" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு மூக்கு, வாயி, நகம் வரைக்கும் செதுக்கி முடிச்சுப்போட்டாலும் அது கல்லுதானுங்க. கடைசியில கண்ணு தெறந்தாத்தான் சாமி. அதுவரைக்கும் முன்னால நின்னு கும்புட்டா யாருக்குங்க கேக்கும்?"

அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அந்தச் சோதனைக்கே 'கண் திறக்கிறது' என்று பேராகிவிட்டது. நல்ல நேரம் போனாலும் போகட்டும், கண் திறக்காமல் எதுவும் வெளியே போகாது.

இனி சொல்லப்போவது நெருப்பெரிச்சல் ஊருக்குப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் நடந்தது. முதலாளி சென்னியப்பன் அண்ணன். தங்கமான மனிதர், தொழிலாளிக்கு ஒன்றென்றால் தானே ஓடுவார். அவர் பட்டறையில் சாய மெஷின்கள் ஆளுயரத்துக்கு மேல் பெரிய கொப்பரைகள். உள்ளே துணி முறுக்கிச் சிக்கிக்கொண்டால் ஒருவர் வாய் வழியாக இறங்கித்தான் எடுக்க வேண்டும். கொதிநீர் வருவது சற்றுத் தள்ளி இருக்கும் பம்ப் அறையிலிருந்து. மெஷின்காரர் பொத்தானை அழுத்தினால் அங்கே அந்த மெஷினுக்கான மணி அடிக்கும்; பம்ப் அறையில் இருப்பவர் வால்வைத் திறப்பார். ஆள் உள்ளே இறங்கும்போது அந்த மெஷினின் வால்வில் ஒரு சிவப்பு பனியன் துணியைக் கட்டிவிடுவது பழைய வழக்கம்.

சென்னியப்பன் அண்ணனுக்கு அந்தத் துணி பிடிக்கவில்லை. துணி வாங்க வரும் வெளிநாட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார் என்பது அவர் கவலை. ஒரு கம்ப்யூட்டரை வைத்து, நீண்ட வயர்களில் மூன்று திரைகளை இழுத்து, ஒன்றைப் பம்ப் அறையில் மாட்டினார். மெஷினுக்கு எதிரே பச்சை என்றால் தண்ணீர் விடலாம். சிவப்பு என்றால் ஆள் உள்ளே. கலாமணி எழுதிக் கொடுத்தார், கண்ணும் திறந்தார். வரும்போது முதலாளியிடம், "துணியையும் கட்டச் சொல்லுங்ணா" என்றார்.

"ஏனம்மிணி, நீயே செஞ்சு குடுத்துப்போட்டு நீயே நம்பலீன்னா எப்படி?"

"நான் எழுதுனதையும் சேத்துத்தானுங்க நம்பக்கூடாதுங்கறேன்."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். துணி குப்பைக்குப் போனது.

சில வாரங்கள் கழித்து வேறு வேலையாக அங்கே போனோம். கலாமணி வழக்கம்போல மேஸ்திரியின் விண்டோவில் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுப் பம்ப் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். பம்ப் அறையில் இருந்தவர் மனோஜ், பீகார்க்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "மேடம், இப்ப ஸ்கிரீன் ரொம்ப நல்லா இருக்கு. ஆடல" என்றார்.

திரையில் எல்லா மெஷின்களும் பச்சை. தட்டிய எழுத்து வரவில்லை. கலாமணி மவுஸை நகர்த்தினார். அம்பு நகர்ந்தது, எங்கே அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினார். எல்லாம் பச்சையாக இருந்த அந்தத் திரை மூடிக்கொண்டது. அதற்குப் பின்னாலிருந்து இன்னொன்று வந்தது, அதே ஷீட், அதே வரிசை. அதில் மூன்றாவது மெஷின் சிவப்பு.

அங்கே ஓர் ஆள் உள்ளே இருந்தார். முன்னால் நின்ற பச்சை, விண்டோவே இல்லை, வெறும் போட்டோ.

அதற்குள் சென்னியப்பன் அண்ணன் வந்துவிட்டார். பெருமையாகவே சொன்னார். "மாறும்போதெல்லாம் பளிச் பளிச்சுன்னு கண்ணு வலிக்குதுன்னான் இவன், அம்மிணி. பாவமா இருந்துது. அதான் ஒரு நாளு நானே ஸ்கிரீன போட்டோ புடிச்சு மேல போட்டு உட்டேன். கச்சிதமா நிக்குது பாரு."

கலாமணி திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வால்வின் பக்கத்தில் கீழேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, நம்மூர்ல போட்டோவ மாட்டி மாலை போடறது யாருக்குங்க?" என்று கேட்டார். அண்ணனின் முகம் செத்துப்போனது. மூன்றாவது மெஷினிலிருந்து ஆள் வெளியே வந்து துண்டை உதறும்வரை நாங்கள் யாரும் அந்த அறையை விட்டு நகரவில்லை.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். ஷீட்டில் எந்த வரி மாறியதோ அந்த வரி மட்டும் புதிதாகும்படி செய்தார். கண்ணை வலிக்கும் பளிச்சிடல் போய்விட்டது. அதோடு விண்டோவின் மூலையில் ஒரு சின்னப் புள்ளியை வைத்தார். ஆவணம் பட்டியலில் உள்ள விண்டோக்களை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிடும்போதெல்லாம் புள்ளி ஒரு துளி நகரும். கூப்பிடுவது நின்றால் புள்ளி நின்றுவிடும். போட்டோவில் புள்ளி ஓடாது. மனோஜுக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று: "பச்சையப் பாக்காத சாமி. முதல்ல புள்ளியப் பாரு. நின்னுருந்துதுன்னா தண்ணி உடாத, என்னைக் கூப்புடு."

அதன்பிறகு யார் போன் செய்தாலும் வணக்கத்துக்கு முன்னால் அவர் கேட்பது, "புள்ளி ஓடுதுங்களா?" உங்களுக்கெல்லாம் அது பழகிய கேள்வி. சில முதலாளிகள் அவரைப் 'புள்ளியம்மா' என்றே கேலி செய்தார்கள். புள்ளி கண்ணை உறுத்துகிறது, எடுத்துவிடுங்கள் என்று என்னிடம் தனியாகக் கேட்டவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவருடைய காரியத்தன்று திருமுருகன்பூண்டிக்குப் போயிருந்தேன். செல்வராஜின் சிற்பப் பட்டறையில் உளிச்சத்தம் இல்லை. கண் திறக்காத அம்மன் சிலை ஒன்று சுவரோரம் சாக்குப் போர்த்தி நின்றது. கூடத்தில் கலாமணியின் போட்டோ, மாலையோடு. அலுவலகச் சுற்றுலாவில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். என் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது. செல்வராஜ் அதன் எதிரே உட்கார்ந்து, "எத்தனையோ சாமிக்குக் கண்ணு தெறந்திருக்கறனுங்க சார். அன்னைக்கு எனக்குத் தெரியலையே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போது கலாமணியின் போன் அடித்தது. செல்வராஜ் எடுத்தார், பேசுவது புரியாமல் என்னிடம் நீட்டினார்.

"மேடம், புள்ளி நிக்குது. ஓடல" என்றது மனோஜின் குரல். அவருக்குச் செய்தியே போயிருக்கவில்லை. "ஸ்கிரீன் பச்சை. மூணாம் நம்பர் மெஷின் மணி அடிக்குது, மறுபடி மறுபடி அடிக்குது. நான் தண்ணி விடல. விடவா?"

"விடாத! கையை எடு! ஓடிப்போயி மெஷினப் பாரு!" என்று நான் போட்ட கத்தலில் பந்தியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது மெஷினில் ஆள் இருந்தார். பக்கத்து மெஷின்காரர் தன் மெஷினுக்குப் பதிலாக மூன்றாவதின் பொத்தானை மாற்றி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். மேஸ்திரி தன் விண்டோ ஒன்றை மூடியபோது, ஆவணம் அதற்குப் பதிலாகப் பம்ப் அறையின் விண்டோவைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. தப்பு எங்கே என்று மறுநாள் தேடிக் கண்டுபிடித்தேன். அது கலாமணி எழுதிய வரி. அவரேதான் எழுதினார், அவர் சொன்னதைப் போலவே அதை நம்ப முடியாமல் போனது. ஓர் உயிரைக் காப்பாற்றியது அவர் தன்மேலேயே வைத்திருந்த சந்தேகம். மனோஜ் கூப்பிட்ட அன்று சாயங்காலமே அண்ணன் சிவப்புத் துணியைத் தன் கையால் வால்வுகளில் கட்டினார்.

அந்த வரியைத் திருத்தி, எனக்குத் தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். தெரியாதவைதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஒரு பட்டறையில் ஒரு மென்பொருள் வந்தால் மச்சான் பட்டறைக்கு ஒரு காப்பி, பங்காளி பட்டறைக்கு ஒரு காப்பி. புள்ளி வைப்பதற்கு முந்திய காப்பிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே திரை இப்போதும் பச்சையாக இருக்கும். அது எப்போதிலிருந்து பச்சை என்று யாருக்கும் தெரியாது. உங்கள் திரையின் மூலையில் புள்ளி இல்லையென்றால், தயவுசெய்து, இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் எழுந்துபோய் ஒரு துணியைக் கட்டுங்கள்.

அலுவலகத்தில் அவர் போட்டோவை மாட்டலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். செல்வராஜ் ஒருநாள் வந்து அவருடைய போனை என் மேசைமேல் வைத்தார். "இந்த நம்பருக்குத்தானுங்க சார் எல்லாரும் கூப்புடுவாங்க. அணைஞ்சிரக் கூடாதுங்க."

போட்டோவுக்குப் பதிலாக நான் வைத்திருப்பது அந்த போனைத்தான். சார்ஜ் இறங்க விடுவதில்லை. அது அடிக்கும்போதெல்லாம் எந்த ஊரில், எந்தக் கொப்பரைக்குள், யார் இறங்கியிருக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். எடுத்ததும் வணக்கம் சொல்வதில்லை, யார் என்று கேட்பதில்லை. அவர் கேட்டதையே கேட்கிறேன். பதில் வரும்வரை மூச்சை விடுவதில்லை.