சுரங்கத்தில் மூன்று முட்டைகள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், எலுமிச்சைக்கும் கிணற்றுக்கும் நடுவே, முப்பத்தெட்டு அடி நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போட்டிருக்கிறேன். என்ஜின் என் முன்கை நீளம் இருக்கும். துவைக்கும் கல்லை ஒட்டி ஸ்டேஷன். எதிர்ப்பக்கம் செங்கல் அடுக்கிக் கட்டிய சுரங்கம். தினமும் காலை ஆறு மணிக்குப் பாதையைச் சோதித்து டைரியில் எழுதிவிடுவேன். மைனாவின் எச்சம், தவிட்டுக்குருவிகள் கிளறிப்போட்ட சருகு, காக்கை தூக்கிப்போன சிக்னல் கை எல்லாம் அதில் இருக்கின்றன.

பாதை முழு வட்டமானது இந்தச் சித்திரையில்தான். முதல் ஓட்டத்தைப் பார்க்க என் மச்சினனை ஞாயிறு காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். கூட்ஸ் ரயிலில் கார்டு. மூன்று வருடமாக "பொம்மை வண்டி எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன். அவன் வாயால் ஒரு தடவை 'லைன் சரியா இருக்கு' என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் டைரியில் தினமும் ஒரே குறிப்பு: "சுரங்க வாயிலில் காய்ந்த புல். அகற்றப்பட்டது." காற்றின் வேலை என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரம்: "புல் இல்லை. திருப்தி."

ஞாயிறு ஏழு நாற்பதுக்குச் சுரங்கத்துக்குள் டார்ச் அடித்தேன். தண்டவாளத்தின் மேலேயே புல்லால் ஒரு கிண்ணம். அதில் பழுப்புப் புள்ளி போட்ட மூன்று முட்டைகள். எலுமிச்சைக் கிளையில் ஒரு குண்டுக்கரிச்சான் வாலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டியது.

"தினமும் டைரி எழுதறீங்களே, ஒரு நாளாவது உள்ள குனிஞ்சு பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"கூட்டை அப்படியே ஒரு முழம் தள்ளி வச்சா?"

"உங்க ஸ்டேஷனை ஒரு முழம் தள்ளி வைங்க, பார்ப்போம்."

மச்சினன் சரியாக எட்டு மணிக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். மண்டியிட்டுப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"டைரியில ஒரு தாள் கிழிங்க அத்தான்."

நான் டைரியில் தாள் கிழித்ததே இல்லை. கிழித்தேன்.

"லைன்ல வேலை நடந்தா, எங்க மெதுவாப் போகணும், எங்க நிக்கணும்னு டிரைவர் கையில எழுதிக் குடுப்பாங்க. காஷன் ஆர்டர். அது இல்லாம வண்டி நகராது" என்று சொல்லிக்கொண்டே எழுதினான்: 'சுரங்கத்துக்கு நான்கு அடி முன்னால் வண்டி நிற்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி ஸ்டேஷன். குஞ்சுகள் பறக்கும் வரை.' நேரம் போட்டு, என்னிடம் கையெழுத்தும் வாங்கினான். மனைவி ஒரு சிவப்புத் துணியைக் குச்சியில் கட்டி நட்டாள்.

வண்டி துணி வரை போய் நின்றது, பின்னோக்கி வந்தது. மூன்றாம் நடையில் குண்டுக்கரிச்சான் கிளையை விட்டு இறங்கிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

"லைன் எப்படி?" என்று கேட்டேவிட்டேன்.

"லைன் சரியா இருக்கு அத்தான். டைம்டேபிளைத்தான் மாத்தணும்."

இருபத்து மூன்றாம் நாள் குஞ்சுகள் பறந்துவிட்டன, கூடு காலி. உடனே போன் செய்தேன். "வையம்பட்டியில நிக்கிறேன். ஆர்டரை நான் வந்துதான் ரத்து பண்ணணும். அதுக்குள்ள விட்டுடாதீங்க!" என்றான். இரண்டு நாள் காத்திருந்தேன்.

வந்தான், ரத்து என்று எழுதினான். அந்தத் தாளை டைரியில் அதன் இடத்திலேயே ஒட்டியிருக்கிறேன். கீழே என் குறிப்பு: "முழு வட்டம், ஐம்பது வினாடி. சுரங்கத்தில் புல் இல்லை. குனிந்து பார்த்தேன்."